செஸோன் பீரைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிமித்தமாகச் சில வருடங்கள் பிரஸ்ஸல்ஸில் இருந்தேன். அங்கே பழக்கமான செஸோன் என்ற பண்ணைவீட்டு பீரைப் பற்றி நண்பர்கள் அவ்வப்போது கேட்பார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

செஸோன் என்றால் என்ன? ஏன் பண்ணைவீட்டு பீர் என்கிறார்கள்?

பிரெஞ்சு மொழியில் செஸோன் என்றால் பருவம். பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் தெற்குப் பகுதியான வலோனியாவில், குறிப்பாக எனோ மாகாணத்தில் வளர்ந்த பீர் இது. குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் கோடையில் பீர் காய்ச்சினால் கெட்டுப்போகும். அதனால் பண்ணைக்காரர்கள் வயலில் வேலை குறைந்த குளிர்காலத்தில் காய்ச்சி, நிலவறையில் வைத்து, அறுவடைக்கு வரும் கூலியாட்களுக்குக் கோடையில் கொடுத்தார்கள் என்பது எல்லோரும் சொல்லும் கதை.

இதில் குளிர்காலக் காய்ச்சலை அப்படியே நம்பலாம். ஐரோப்பா முழுக்க அதுதான் வழக்கம். கூலியாட்கள் கதைக்கு ஆதாரம் சொற்பம். லேபிளில் அச்சடிக்க வசதியாக இருந்ததால் ஊதிப் பெருத்த கதை என்று பீர் வரலாற்றைத் தோண்டுகிறவர்கள் சிலர் சொல்கிறார்கள். எப்படியும் இன்றைய செஸோனை அவர்களுக்குக் கொடுத்திருக்க வாய்ப்பில்லை. 6.5 சதவீத ஆல்கஹாலில் நாலு கிளாஸ் உள்ளே போனால் அரிவாள் கதிரில் விழுமா காலில் விழுமா?

இப்போதும் பண்ணையில்தான் காய்ச்சுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. விதிவிலக்காகச் சொல்ல வேண்டியது தூர்ப் என்ற சிற்றூரில் உள்ள துபோன் ஆலை. 1844 முதல் அங்கே பண்ணையும் காய்ச்சுமிடமும் சேர்ந்தே இருந்தன. மகன் லூயி கனடாவுக்குப் போய் விவசாயம் செய்வேன் என்று கிளம்பியபோது, அவரை ஊரிலேயே நிறுத்துவதற்காக அப்பா ஆல்ஃபிரட் துபோன் 1920இல் அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தார். பையன் தங்கிவிட்டான், பீரும் தங்கிவிட்டது.

இன்று பண்ணைவீட்டு பீர் என்று லேபிளில் போட்டு வருவதில் முக்கால்வாசி, தொழிற்பேட்டைகளில் எஃகுத் தொட்டிகளில் காய்ச்சியது. அதில் தப்பொன்றும் இல்லை. பெயரை முகவரியாக எடுத்துக்கொள்ளாமல் சுவையின் குறிப்பாக எடுத்துக்கொண்டால் போதும்.

முதன்முதலில் எந்த பாட்டில் வாங்குவது?

செஸோன் துபோன். வேறு எதில் தொடங்கினாலும் கடைசியில் இதோடுதான் ஒப்பிட வேண்டியிருக்கும். நடுவில் உள்ளூரிலேயே இதை அதிகம் பேர் சீண்டவில்லை. லாகர் என்ற, குளிரில் நொதிக்கவிட்டுச் செய்யும் வெளுத்த பீர்களின் காலம் அது. பிரிட்டனைச் சேர்ந்த பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல, இவர் வேறு ஆள்) இதைப் பற்றி உலகுக்குச் சொன்னதும், அமெரிக்காவுக்கு ஏற்றுமதி தொடங்கியதும்தான் மறுவாழ்வு கொடுத்தன.

அதற்கு அடுத்ததாக ப்ளோஜி ஆலையின் செஸோன் தேப்போத்ர். ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை வகை சேர்த்தது. கொஞ்சம் முரட்டுத்தனம் இருக்கும். மூன்றாவதாக, சில்லி என்ற ஊரின் செஸோன் கிடைத்தால் வாங்குங்கள். அது பழுப்பாக, இனிப்பு ஓங்கி இருக்கும். பெயர் ஒன்று, குணம் வேறு என்பதை மூன்று கிளாஸில் கண்ணெதிரே பார்த்துவிடலாம். அப்புறம் யாராவது “செஸோன் என்றால் இப்படித்தான்” என்று அடித்துச் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வீர்கள்.

எந்த கிளாஸ்? எவ்வளவு குளிர்ச்சி?

வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸ் எதுவும் சரி. ஒயின் கிளாஸ் தாராளம். டம்ளரிலும் குடிக்கலாம், ஆனால் மணம் நிற்காது.

8 முதல் 12 டிகிரி வரை நல்லது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மூக்குக்கு ஒன்றும் எட்டாது, நாக்கும் மரத்துவிடும். எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு கால் மணி நேரம் வேறு வேலை பாருங்கள். நம் ஊர் வெயிலில் கால் மணி நேரம் அதிகம், பத்து நிமிடம் போதும்.

கிளாஸைக் கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழம்புப் பாத்திரம் தேய்த்த நாரில் கிளாஸைத் தேய்த்தால் எண்ணெய்ப் பசை ஒட்டும், நுரை நிற்காது. ஊற்றியபின் கிளாஸின் உள்சுவரில் குமிழிகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் அழுக்கு என்று அர்த்தம். பீரைக் குறை சொல்லாதீர்கள்.

எப்படி ஊற்றுவது? அடியில் தங்கியிருக்கும் மண்டியை ஊற்றலாமா?

இந்த பீர் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கிறது. ஒரு லிட்டர் பீரில் 3 லிட்டர் அல்லது அதற்கும் மேல் கரியமில வாயு அடைபட்டிருக்கும். சாதாரண லாகரில் இது இரண்டரை லிட்டர் அளவில் இருக்கும். கார்க் போட்டுக் கம்பி முறுக்கி வைப்பது அலங்காரத்துக்கு இல்லை.

நான் முதலில் திறந்த பாட்டில் கதையைச் சொன்னால் புரியும். பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, ஆர்வக்கோளாறில் உடனே திறந்தேன். கம்பியைத் தளர்த்தியதுதான் தெரியும். கார்க் மேல் அலமாரியில் அடித்தது. பால் பொங்குகிற மாதிரி நுரை பொங்கி, மேசைமேல் விரித்திருந்த செய்தித்தாள் நனைந்து, பக்கத்தில் இருந்த பாஸ்போர்ட்டும் நனைந்தது. மிச்சம் பாதி பாட்டில்தான். அதுவும் மண்டியெல்லாம் கலங்கி, சேறு மாதிரி. ஆக, வாங்கி வந்ததும் ஒரு நாளாவது நிமிர்த்தி வைத்துக் குளிரவிடுங்கள். கார்க்கைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு, பாட்டிலைச் சுற்றுங்கள், கார்க்கைத் திருகாதீர்கள்.

கிளாஸைச் சாய்த்து மெதுவாகத் தொடங்கி, பாதிக்கு மேல் நிமிர்த்தி ஊற்றுங்கள். நுரை மூன்று விரல் உயரத்துக்கு மேடு பள்ளமாக எழும். அது குறையில்லை, அப்படித்தான் எழ வேண்டும். மண்டி என்பது ஈஸ்ட். உடம்புக்குக் கெடுதல் இல்லை. மதிப்பிடுவதற்கு முதலில் தெளிவாக ஊற்றிச் சுவையுங்கள். பிறகு கடைசி இரண்டு விரல் அளவைப் பாட்டிலில் சுழற்றி, இன்னொரு கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். ஒரே பாட்டில் இரண்டு பீராகத் தெரியும். மண்டி கலந்ததில் ரொட்டிமாவு வாசனை ஏறி, ஓரங்கள் மழுங்கியிருக்கும்.

மூக்கால் என்ன தேட வேண்டும்?

முதலில் வீட்டு வாசனையைக் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட கூடத்தில் உட்கார்ந்து பீரை மோந்தால் சாம்பிராணிதான் தெரியும். தலையில் மல்லிகை, கையில் வாசனை சோப்பு, அடுப்பில் தாளிப்பு எல்லாமே எதிரிகள்.

நுரை அடங்குமுன் ஒரு முறை, கிளாஸைச் சுழற்றி ஒரு முறை, ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறை என்று சின்னச் சின்னதாக மோந்து பாருங்கள். நீளமாக உறிஞ்சினால் மூக்கு சீக்கிரம் பழகி மரத்துவிடும்.

நல்ல செஸோனில் முதலில் வருவது பழ வாசனை. எலுமிச்சைத் தோல், சாத்துக்குடி, சில சமயம் பேரிக்காய். அதற்குப் பின்னால் இடித்த மிளகு, கொஞ்சம் கிராம்பு. அடியில் வைக்கோல், உமி, புதிய ரொட்டி. பூ வாசனையும் மூலிகை வாசனையும், பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் என்ற கொடிப்பூவிலிருந்து வருபவை.

மிளகு போட்டுக் காய்ச்சுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. செஸோன் துபோனில் மசாலா எதுவும் கிடையாது. நானும் முதல் நாள் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தண்ணீர், வாற்கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), ஹாப்ஸ், ஈஸ்ட் என்ற வழக்கமான கூட்டணிதான்.

மிளகு வருவது ஈஸ்டின் கைவண்ணம். தானியத்தின் செல்சுவர்களில் ஃபெரூலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. இந்த வகை ஈஸ்ட் அதைச் சிதைத்து 4-வினைல் குவாயகால் என்ற ஃபீனால் வகை மணச் சேர்மமாக மாற்றுகிறது. கிராம்புக்கு மணம் தரும் யூஜினாலுக்கு இது நெருங்கிய உறவு, அதனால்தான் மூக்கு ஏமாறுகிறது. பழ வாசனைகள் எஸ்டர்கள் என்ற வேறொரு கூட்டம். அதுவும் ஈஸ்ட் தருவதுதான். லாகரைவிடச் சூட்டில் நொதிக்கும் பீர்களை ஏல் என்பார்கள். வழக்கமான ஏல் ஈஸ்டை 20 டிகிரி சுற்றுவட்டாரத்தில் வைத்து நொதிக்கவிடுவார்கள். செஸோன் ஈஸ்டையோ 30 டிகிரியும் தாண்டி ஏறவிடுகிறார்கள். மற்ற ஈஸ்டுகள் இந்தச் சூட்டில் வார்னிஷ் வாடை அடிக்கும் பீரைத் தந்துவிடும். இது வெயிலில் வேலை செய்யப் பிறந்த மாதிரி நடந்துகொள்ளும்.

மசாலா சேர்க்கும் ஆலைகளும் உண்டு. பிபே ஊரில் நீராவி எந்திரத்தால் இன்றும் இயங்கும் பழைய ஆலை ஒன்று இருக்கிறது, 1785இல் தொடங்கியது. அவர்கள் செஸோனில் மசாலாப் பொருட்கள் போடுவார்கள். தப்பில்லை. ஆனால் சேர்த்த மசாலா மூக்கில் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால், காய்ச்சியவருக்கு ஈஸ்டின்மேல் நம்பிக்கை இல்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வாயில் வைத்தபின்?

என்னைக் கேட்டால் செஸோனின் தரம் தெரிவது விழுங்கிய பிறகுதான். மணத்தை அருமையாக அமைத்துவிட்டு முடிவில் வழுக்கி விழும் பீர்கள் ஏராளம். அதனால் ஒயின்காரர்கள் மாதிரி துப்பாதீர்கள். சின்ன வாயாக எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கி, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். மணத்தின் பாதி அந்த மூச்சில் திரும்பி வரும். பிறகு கிளாஸைத் தொடாமல் பத்து எண்ணுங்கள்.

அந்தப் பத்து விநாடியில் இனிப்பு நாக்கில் தங்கக் கூடாது. கசப்பு மெல்ல வந்து இனிப்பு இருந்த இடத்தைத் துடைத்துவிட வேண்டும். மிளகு தொண்டையில் லேசாகத் தட்டுப்பட வேண்டும். வாய் காய்ந்த மாதிரி ஆகி, கை தானாக கிளாஸுக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால் வாசனைக்கு எவ்வளவு மதிப்பெண் கொடுத்தும் புண்ணியமில்லை.

டிரை என்கிறார்களே, துவர்ப்பைத்தான் சொல்கிறார்களா?

இல்லை. தமிழில் யோசிப்பவர்கள் எல்லோரும் இடறும் இடம் இது; நானும் இடறினேன். டிரை என்றால் இனிப்பு இல்லாமை. துவர்ப்பு என்பது வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால், வெறும் பாக்கை மென்றால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அது. முன்னது செஸோனின் உயிர். பின்னது குறை. உமியைக் கொதிக்கும் நீரில் அளவுக்கு மேல் அலசினால் அதன் டானின் இறங்கி பீரைத் துவர்க்கச் செய்துவிடும்.

டிரை எப்படி வருகிறது என்று ஒரு கணக்குப் பாருங்கள். தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்தால், காய்ச்சிய மால்ட் சாறு 1.054 என்று தொடங்குகிறது. சாதாரண ஏல் ஈஸ்ட் சர்க்கரையில் முக்கால் பங்கைத் தின்றுவிட்டு 1.013 பக்கத்தில் படுத்துவிடும். மீதி இருப்பவை பெரிய சர்க்கரைச் சங்கிலிகள், அந்த ஈஸ்டால் கடிக்க முடியாதவை. பல செஸோன் ஈஸ்டுகள் டயஸ்டாட்டிகஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. இவற்றிடம் அந்தச் சங்கிலிகளையும் நறுக்கிவிடும் நொதி இருக்கிறது. நறுக்கி, தின்று, 1.004 வரை இறக்கிவிடும். 92 சதவீதத்துக்கு மேல் காலி, ஆல்கஹால் 6.5 சதவீதம் வந்து நிற்கும்.

இதே திறமைக்காகவே மற்ற ஆலைகள் இந்த ஈஸ்டைக் கண்டு நடுங்கும். குழாயில் ஒரு துளி தங்கி வேறு பீரில் கலந்துவிட்டால், அடைத்த பாட்டிலுக்குள் உட்கார்ந்து மீதிச் சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்துவிடும். அழுத்தம் ஏறி டின் புடைக்கும், பாட்டில் வெடிக்கும்.

இன்னொரு நுணுக்கம். இவ்வளவு இனிப்பு போனபின் பீர் தண்ணீர் மாதிரி இளைத்துப்போக வேண்டும். நல்ல செஸோன் இளைக்காது. வாயை நிறைக்கும், ஆனால் கனக்காது. வாயு ஒரு காரணம், ஈஸ்ட் விட்டுச்செல்லும் கிளிசரால் போன்றவை இன்னொரு காரணம். கையில் கிளாஸ் இருந்தால் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

புளிப்பு இருந்தால் கெட்டுப்போனதா?

எவ்வளவு, எப்படிப்பட்ட புளிப்பு என்பதைப் பொறுத்தது. எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்ட மாதிரியான துடிப்பு இருக்கலாம், நல்லதுதான். தயிர்ப் புளிப்பு சில ஆலைகள் வேண்டுமென்றே கொண்டுவருவது. அமெரிக்காவில் வெர்மான்ட்டின் ஹில் ஃபார்ம்ஸ்டெட், டெக்சாஸின் ஜெஸ்டர் கிங் போன்றவர்கள் காட்டு ஈஸ்டும் பாக்டீரியாவும் மரப்பீப்பாயும் சேர்த்து இதைத் தனிக் கலையாக்கிவிட்டார்கள். மூக்கைக் குத்தும் வினிகர் புளிப்பு மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. லேபிளைப் பாருங்கள், புளிப்பு என்று ஒரு வார்த்தையும் இல்லாத பீர் புளித்தால் சந்தேகப்படலாம்.

மாட்டுத்தொழுவ வாசனை வருகிறதே?

பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டின் வேலை. ஈரத் தோல், குதிரைச் சேணம், காய்ந்த வைக்கோல் என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு மழைக்கு மறுநாள் தொழுவத்துப் பக்கம் போன ஞாபகம் வரும், அது எனக்குப் பிடித்த ஞாபகம். பெல்ஜியத்தில் ஓர்வால் மடாலயத்தின் பீரில் பாட்டிலில் அடைக்கும்போது இதைச் சேர்க்கிறார்கள். அது செஸோன் இல்லை, ஆனால் இந்த வாசனையைப் பழக அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது. புதிய பாட்டில் ஒன்றும், ஆறு மாதம் வைத்தது ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

துபோன் மாதிரியான செஸோனில் இது இருக்க வேண்டிய அவசியமில்லை. வைக்கோல் வரை வரவேற்பு. சாணமும் சாக்கடையும் வந்தால் கொட்டிவிடலாம்.

குறைகளை எப்படி அடையாளம் காண்பது?

அதிகம் பார்ப்பது வெளிச்சம் பட்ட வாடை. ஹாப்ஸின் கசப்புப் பொருள்மேல் வெளிச்சம் பட்டால் ஒரு கந்தகச் சேர்மம் உருவாகிறது. ஒரு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கின் நாற்றம் என்பார்கள். நாம் ஸ்கங்க்கைப் பார்த்ததில்லை. எரிந்த ரப்பரும் கெட்ட பூண்டும் கலந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுப்புக் கண்ணாடி ஓரளவு காக்கும், பச்சை அவ்வளவாகக் காக்காது. செஸோன் துபோனோ காலங்காலமாகப் பச்சை பாட்டிலில் வருகிற பீர். விளைவு, இந்த வாடையே செஸோனின் மணம் என்று நம்பிக்கொண்டு இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கடையில் டியூப்லைட்டுக்கு நேரே நிற்கும் பாட்டிலை விட்டுவிட்டு, அட்டைப்பெட்டிக்குள் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு கிளாஸ் ஊற்றி, ஒன்றை அலமாரிக்குள்ளும் மற்றதை உச்சி வெயிலில் ஜன்னலோரத்திலும் பத்து நிமிடம் வையுங்கள். மோந்து பார்த்தால் வாழ்நாளுக்கும் மறக்காது.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்றுப் பட்டுப் பழசானது. வெண்ணெய் அல்லது பாப்கார்ன் வாசனை டைஅசிட்டைல். செஸோனில் அதற்கு இடமே இல்லை. பச்சை ஆப்பிள், அவித்த மக்காச்சோளம் இரண்டும் அவசரத்தின் அறிகுறிகள். காயத்தில் ஒட்டும் பிளாஸ்டர் வாசனை வந்தால் தண்ணீரில் குளோரின் இருந்திருக்கும். வாழைப்பழம் லேசாக இருந்தால் விட்டுவிடுங்கள். பழமண்டிக்குள் நுழைந்த மாதிரி இருந்தால் அது ஜெர்மன் கோதுமை பீருக்குப் போக வேண்டியது, வழி தவறி வந்திருக்கிறது.

மிளகும் கிராம்பும் ஃபீனால், பிளாஸ்டர் வாடையும் ஃபீனால் குடும்பம், தொழுவமும் அதே குடும்பம். ஆகவே குறிப்பில் “ஃபீனால் இருக்கிறது” என்று மட்டும் எழுதினால் ஒன்றுமே எழுதாததற்குச் சமம். எதைப் போல் மணக்கிறது என்று எழுதுங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

போட்டிகளில் அதிகம் புழங்குவது பி.ஜே.சி.பி. என்ற அமெரிக்க நடுவர் அமைப்பின் தாள். அமைப்பு தொடங்கியது 1985இல். மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. நிறத்துக்கும் நுரைக்கும் சேர்த்து மூன்றுதான் என்பதைக் கவனியுங்கள். கலங்கலாக இருக்கிறதே என்று மூக்கைச் சுளிப்பவர் அதிகபட்சம் ஒரு மதிப்பெண்தான் பிடுங்க முடியும். 45க்கு மேல் அபூர்வம், 30களில் நல்ல பீர், 20க்குக் கீழே போனால் எங்கோ பிழை.

அதே அமைப்பு செஸோனுக்கு இலக்கணமும் வைத்திருக்கிறது. சாதாரண வகைக்கு ஆல்கஹால் 5 முதல் 7 சதவீதம், அதற்குக் கீழே இலகுவானது, மேலே 9.5 வரை வலுவானது; கசப்பு, ஐ.பி.யு. என்ற பீர்க் கசப்பு அலகில் 20 முதல் 35. வெளுத்ததும் உண்டு, கறுத்ததும் உண்டு. போட்டிக்கு இந்த இலக்கணம் தேவை. வீட்டு மேசைக்கு அவ்வளவு கறார் வேண்டாம். நான் வீட்டில் குடிக்கும்போது தாளின் ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதி வைப்பேன்: இரண்டாவது கிளாஸ் முதல் கிளாஸைவிடச் சீக்கிரம் காலியானதா? முழு 750 மில்லி பாட்டிலை ஒருவரே முடித்துச் சோதிக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று பேர் பகிர்ந்தால் சரியாக இருக்கும். வண்டி ஓட்டுபவர் அந்தக் கூட்டத்தில் இருக்கக் கூடாது.

குறிப்பு எழுத வார்த்தை வருவதில்லையே?

ஆங்கிலக் குறிப்புகளைப் படித்து அதில் வரும் பழங்களைத் தேடாதீர்கள். கூஸ்பெரிப் புதர் (நம் நெல்லி அல்ல) என்று எழுதியிருந்தால் அது அவர்கள் தோட்டத்துச் செடி. உங்கள் மூக்கு வளர்ந்த இடத்தில் தேடுங்கள்: நார்த்தங்காய், கொத்தமல்லி விதை, ஓமம், வைக்கோல் போர், இட்லி மாவு புளிக்கும் மூன்றாம் மணி நேரம். செஸோன் துபோனுக்கு நான் ஒருமுறை எழுதியது இது:

“நுரை வெள்ளை, உயரம், குடிக்கக் குடிக்க கிளாஸில் வலை வலையாக ஒட்டுகிறது. வெளிறிய ஆரஞ்சு, லேசான மூட்டம். எலுமிச்சைத் தோல், உடைத்த மிளகு, அடியில் காய்ந்த வைக்கோல். முதல் வாயில் ரொட்டி இனிப்பு, பாதி வழியில் காணாமல் போகிறது. கசப்பு பின்னால் வந்து நிற்கிறது, மிரட்டவில்லை. வாய் சுத்தம். ஏழு எண்ணுவதற்குள் கை போய்விட்டது.”

இவ்வளவு போதும்.

நார்வே, பின்லாந்து பண்ணை பீர்களையும் இதே அளவுகோலால் மதிப்பிடலாமா?

கூடாது. பின்லாந்தின் சாஹ்தி ஜூனிபர் கிளைகளும் ரொட்டி ஈஸ்டும் போட்டுச் செய்வது. வாயு கிட்டத்தட்ட இல்லை, கனமாகவும் இனிப்பாகவும் இருக்கும், வாழைப்பழம் மணக்கும். செஸோன் தாளில் போட்டால் தோற்றுவிடும், தன் ஊரில் அதுதான் விருந்து பீர். நார்வேயில் குடும்பங்கள் வழிவழியாகப் பாதுகாத்த க்வேக் ஈஸ்ட் 40 டிகிரிக்குப் பக்கத்தில் நொதித்தும் ஆரஞ்சு மணத்தோடு சுத்தமாக முடிக்கும். பிரான்சின் வட எல்லையில் காய்ச்சும் பியேர் த கார்த் செஸோனுக்குப் பக்கத்து வீடு; ஆனால் மால்ட் ஓங்கியது, ஈஸ்ட் அடக்கமானது. ஒவ்வொன்றிடமும் அதனதன் ஊர்க் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

எவ்வளவு நாள் வைக்கலாம்?

வெளிச்சம் படாமல், சூடு ஏறாமல் இருந்தால் ஒரு வருடம் கவலையில்லை. ஹாப்ஸ் மணம் முதலில் போகும், மிளகு பிறகு தணியும். காட்டு ஈஸ்ட் சேர்த்தவை இன்னும் பல வருடம் மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு துபோன் புதிதாக இருக்கும்போதே பிடிக்கும்.

எதோடு சாப்பிடலாம்?

கோழி வறுவல், மீன் வறுவல், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. இனிப்பு இல்லாததாலும் வாயு நிறைய இருப்பதாலும் எண்ணெயை வாயிலிருந்து துடைத்துவிடும். ரொம்பக் காரமான குழம்போடு வேண்டாம்; கசப்பும் ஆல்கஹாலும் காரத்தை இன்னும் கிளறும். மதிப்பிடும் நாளில் வெறும் ரொட்டியும் தண்ணீரும் மட்டும்.

ஒரே பீருக்குப் போன வாரம் 41, இந்த வாரம் 34 போட்டேன். என் நாக்கில் கோளாறா?

பாட்டில் வேறாக இருக்கலாம், சளி பிடித்திருக்கலாம், முன்னால் குடித்த பீர் இனிப்பாக இருந்திருக்கலாம், லேபிளைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டிருக்கலாம். கடைசிக் காரணம்தான் அதிகம். இதற்கு மூன்று கிளாஸ் சோதனை இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் ஒருவர் இரண்டு கிளாஸில் ஒரே பீரையும் மூன்றாவதில் வேறொன்றையும் ஊற்றித் தர வேண்டும். தனித்து நிற்பது எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும். அதனால் நாலைந்து முறையாவது செய்யுங்கள்.

போன மாதம் தங்கை ஊற்றித் தர, நான் உட்கார்ந்தேன். நடு கிளாஸ் துபோன் இல்லை, மிளகு செயற்கையாக இருக்கிறது, முடிவில் இனிப்பு நிற்கிறது என்று கால் மணி நேரம் விளக்கினேன். அவள் பாட்டில்களை எடுத்துக் காட்டினாள். மூன்றுமே துபோன். “ஒண்ணுதான் அண்ணா திறந்தேன், இன்னொண்ணுக்குக் கார்க் வரல” என்றாள்.